வம்பன் எட்டாம் உளுந்து

காலையில் இட்டலியும் தோசையுமாகவும், திருநாளில் வடையாகவும், மகளிர்க்குக் களியாகவும் கஞ்சியாகவும் நம் இல்லங்களில் வழங்கிவரும் உளுந்தினைச் சுவையால் அறியாத தமிழர் இலர். ஆயினும், அஃது எத்தகைய செடியில் எத்தனை நாளில் விளைகின்றது என்று வினவினால், நம் கல்லூரி மாணவருள் பலர் சிறிது நேரம் வானத்தை நோக்குவர். இது வியப்பன்று. 1937-ஆம் ஆண்டில் நம் கல்லூரி சேலையூர்க் காட்டினை அடுத்து வந்து அமர்ந்தபொழுது, தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்கள் ஏரியும் கழனியுமாக இருந்தன. இன்றோ, முடிச்சூர், மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம் முதலிய ஊர்களில் நெல் விளைந்த நிலங்களிற் பெரும்பகுதி மனைகளாகிவிட்டது. எனினும், இருப்புப்பாதை வழியாகச் செங்கற்பட்டினையும் கடந்து மதுராந்தகம் நோக்கித் தை, மாசித் திங்களிற் செல்வோர், நெல் அறுத்த வயல்கள் சிலவற்றில் முழங்காலளவு உயர்ந்த பசிய செடிகள் மும்மூன்று இலைகளாக விரித்து நிற்பதைச் சாளரத்தின் வழியே காணலாம். அவற்றுள் உளுந்தும் ஒன்று.

அவ்வுளுந்தின் பல வகைகளுள் 'வம்பன் 8' எனப்படும் வகையின் இயல்புகளையும், அதனை விதைக்கும் உழவர் அதனிடத்து எதிர்பார்க்கத் தக்கன, தகாதன எவை என்பதனையும் ஈண்டு எடுத்துரைக்கக் கருதுகின்றேன். ஒரு வித்தினைப்பற்றி இத்துணை நீளமாக எழுதவேண்டுமா என்று சிலர் எண்ணலாம். ஓர் ஏக்கர் நிலமுடைய குடியானவனுக்கு, எந்த மூட்டையைப் பிரிப்பது என்னும் முடிவு, அவ்வாண்டு வீட்டிற்கு வரும் பணத்தையே முடிவுசெய்வது. ஆதலின் இது சிறிய பொருளன்று என்பது என் எண்ணம்.

முதலில் செடியின் இயல்பு. உழுந்து என்பது இதன் பழைய வடிவம். சங்கச் செய்யுட்களிலேயே இப்பெயர் பயின்று வருகின்றது. செடிநூலார் இதனை விக்னா முங்கோ என்பர். பச்சைப்பயறு இதற்கு உடன்பிறப்பு. தட்டைப்பயறு நெருங்கிய சுற்றம். இது நம் நாட்டிற்கே உரிய பயிராகும். காடுகளில் தானே முளைத்து வளரும் இதன் முன்னோராகிய காட்டுளுந்து இன்றும் இந்தியாவில் உள்ளது. கடற்கரையில் மாங்காயும் தேங்காயும் கலந்து சுண்டலாக விற்கப்பெறுகின்றதே பட்டாணி, அதுவும் பயறினமேயாயினும், குளிரை விரும்புவது. நீலகிரியில் விளையுமேயன்றி நம் சமவெளியின் வெம்மையைப் பொறாது. கனடா முதலிய நாடுகளிலும் நம் நாட்டின் வடபகுதியிலும் கோதுமை விளைவிப்போர்க்குப் பட்டாணி எத்தகையதோ, நெல் விளைவிக்கும் நமக்கு உளுந்து அத்தகையது: இரு தானியப் பயிர்களுக்கு இடையே சிறிது காலம் நிலத்தை நிரப்பி, சிறிது நீரையே உண்டு, போகும்பொழுது மண்ணில் சிறிது உரத்தையும் விட்டுச் செல்வது. வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருவதே இதற்குக் காரணம். செடியை மெல்லப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால் அம்முடிச்சுகளை வெறுங்கண்ணாலேயே காணலாம். நகத்தால் ஒன்றைப் பிளந்து உள்ளே செந்நிறம் இருக்கக் கண்டால் அவை வேலை செய்துகொண்டிருக்கின்றன என்று அறியலாம்.

செங்கற்பட்டுப் பக்கத்தில் நெல்லுக்கு மூன்று பட்டங்கள் உண்டு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்பன அவை. மூன்றாவதாகிய நவரை, வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய ஆண்டிலேயே நம்பத்தக்கது. ஏரி பாதியளவே நிறைந்த ஆண்டில், தையில் நெல்லை நட்டுவிட்டுப் பங்குனியில் நீரின்றித் தவிப்பதைவிட, ஒன்றிரண்டு தண்ணீரில் முடிந்துவிடும் ஒரு பயிரை விதைப்பதே அறிவுடைமை. உளுந்து அங்ஙனம் விதைக்கத்தக்க பயிர். மழை மிகுந்துவிட்ட ஆண்டிலோ வேறு கதை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழை, ஒரு நாளைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் அளவு பெய்ததும், அடையாற்று வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கியதும் இப்பக்கத்தார் மறக்கக்கூடியன அல்ல. நெல் சில நாள் நீரில் நிற்கும். உளுந்தோ வேரில் நீர் தேங்கினால் வெளுத்து மாண்டுபோம். எனவே வடிகால் இல்லாத பள்ளக் கழனி எந்த வகை உளுந்துக்கும் ஏற்றதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நலம். வகையின் சிறப்பு நிலத்தின் குற்றத்தை நீக்காது.

இனி, வம்பன் 8 எங்ஙனம் பிறந்தது என்பதனைப் பார்ப்போம். இக்கதையின் தொடக்கமும் நம் பக்கத்ததே. 1868-இல் சைதாப்பேட்டையில் வேளாண்மைப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. தாம்பரத்திலிருந்து மின்சார வண்டியில் கடற்கரை நோக்கிச் செல்வோர் நாடோறும் கடந்துசெல்லும் அதே சைதாப்பேட்டைதான். அப்பள்ளி 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பெற்றுக் கல்லூரியாக வளர்ந்து, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்து புதுக்கோட்டை மாவட்டத்தில் வம்பன் என்னும் சிற்றூரில் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் ஒன்று உள்ளது. அங்கு உருவாக்கப்பெறும் வகைகள் ஊர்ப்பெயரையும் வரிசை எண்ணையும் தாங்கி வெளிவருகின்றன. ஆடுதுறையிலும் கோயம்புத்தூரிலும் தோன்றியவை அவ்வவ்வூர்ப் பெயரைத் தாங்குவன.

வகை காண்பதற்கு வழி இரண்டு. உழவர் வழிவழியாகப் பயிரிட்டுவரும் நாட்டு விதையிலிருந்து சிறந்த செடிகளைத் தனித்தெடுத்துப் பெருக்குவது ஒன்று. 1981-இல் வெளியிடப்பெற்ற ஆடுதுறை 3 என்னும் உளுந்து திருநெல்வேலி நாட்டு விதையிலிருந்து இவ்வாறு தெரிந்தெடுக்கப்பெற்றது. காவிரிப் படுகையில் நெற்தரிசு உளுந்து என்றால் நெடுங்காலம் அதுவே. வேறுவேறு குணமுடைய இரண்டினை மணம் புணர்த்தி, வழித்தோன்றல்களில் இரண்டின் நன்மையும் கூடியவற்றைப் பொறுக்கியெடுப்பது மற்றொன்று. உளுந்துப் பூ விரியுமுன்னரே தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் இயல்பினது. ஆதலின், அதனைக் கலப்புச் செய்ய விரும்புவோர் மொட்டினை மெல்லத் திறந்து, மகரந்தப்பைகளை ஊசிமுனையால் அகற்றி, வேற்றுப் பூவின் மகரந்தத்தைத் தடவவேண்டும். பூவோ மிகச் சிறிது. பத்து மொட்டில் வேலை செய்தால் ஒன்றிரண்டு காய் பிடிப்பதே அரிது. பட்டாணியும் இவ்வாறே தன்மகரந்தம் ஏற்பது. மெண்டல் என்னும் துறவியார் தம் மடத்துத் தோட்டத்தில் அப்பட்டாணியை வைத்தே, பெற்றோர் குணங்கள் பிள்ளைகளிடத்து எவ்வாறு பிரிந்தும் கூடியும் வருகின்றன என்பதனைக் கண்டு, 1866-இல் வெளியிட்டார். அவர் கண்ட நெறியே இன்று வம்பனிலும் நடைபெறுகின்றது. வம்பன் 1 என்னும் வகையினைக் காட்டுளுந்தோடு புணர்த்தி 2011-இல் வம்பன் 6 வெளிவந்தது. பண்படுத்தப்பட்ட பயிர், தான் இழந்துவிட்ட வன்மையைத் தேடித் தன் காட்டு உறவினரிடமே சென்றது எனலாம். அதன்பின், வம்பன் 3 என்பதனையும் வம்பன் 04-008 என்னும் வித்தினையும் கலந்து பெறப்பட்டதே வம்பன் 8. இது வெளியிடப்பெற்ற 2016-ஆம் ஆண்டு, ஐக்கிய நாடுகள் அவையால் உலகப் பயறு ஆண்டு என அறிவிக்கப்பெற்றதாகவும் அமைந்தது.

இதன் வயது 65 முதல் 75 நாள். விளைவு, மானாவாரியில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 900 கிலோ. பாசனத்தில் ஏறக்குறைய 990 கிலோ. இவ்வெண்கள் ஆராய்ச்சியாளர் தரும் எண்களாதலின், உழவர் தம் நிலத்தில் இதற்குக் குறைவாகவே எதிர்பார்த்தல் நன்று. இவ்வகையின் சிறப்பு விளைவு எண்ணில் இல்லை. அவ்விளைவு கைக்கு வந்து சேர்வதைத் தடுக்கும் இடையூறுகள் இரண்டினை இது பெரிதும் குறைப்பதில் உள்ளது.

முதல் இடையூறு மஞ்சள் தேமல் நோய். உளுந்து விதைத்தார்க்கு இப்பெயரைக் கேட்டாலே மனம் நடுங்கும். இளந்தளிரில் ஊசிமுனையளவு மஞ்சட்புள்ளிகள் ஒன்றிரண்டு முதலில் தோன்றும். அடுத்து விரியும் இலையில் அவை திட்டுத்திட்டாகப் பரவும்; பசுமையும் மஞ்சளும் மாறிமாறிக் கிடக்கும். பின்னர் இலை முழுவதும் மஞ்சளாகும். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு வயல் அழகாகவே தோன்றும்; அருகிற் சென்றால் காய்கள் சிலவாய், சிறியவாய், அவையும் மஞ்சளித்துச் சுருங்கி நிற்கும். விதைத்த சில வாரங்களுக்குள் நோய் கண்டால் ஒன்றுமே மிஞ்சாது போதலும் உண்டு. 1955-இல் தில்லியில் பச்சைப்பயற்றில் இந்நோய் முதன்முதல் கண்டறியப்பட்டது. இது பூஞ்சாளத்தால் வருவதன்று. வைரசு என்னும் நச்சுநுண்மத்தால் வருவது. அந்நச்சு தானே ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குத் தாவாது. அரிசிமணியினும் மிகச் சிறியதாய், இலையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் வெள்ளை ஈயே அதனைச் சுமந்து செல்கின்றது. நோயுற்ற செடியில் ஒருமுறை வாய்வைத்த ஈ, பின்னர்ப் பல நாள் சென்ற செடிக்கெல்லாம் அதனைக் கொடுத்துவரும். வெயில் ஏறஏற ஈ பெருகும். ஆகவே மாசிக்குமேல் விதைத்த உளுந்து மிகவும் அல்லற்படுகின்றது.

நோய் வந்த செடியை நலமாக்க மருந்து கிடையாது. ஈயைக் கொல்ல மருந்து தெளிக்கலாம். ஆனால் பக்கத்து வயலிலிருந்தும் வரப்புக் களையிலிருந்தும் புதிய ஈக்கள் வந்துகொண்டேயிருக்கும். தெளிப்புக்குச் செலவு, தெளித்தும் பயனின்மை, மீண்டும் தெளிப்பு என்று சிறு உழவன் கையிலிருக்கும் பணம் கரைவதை நான் கண்டிருக்கின்றேன். ஆதலின் நோயை எதிர்த்துநிற்கும் இயல்பு விதையிலேயே அமைந்திருத்தல் பெரும்பேறு. அது கைக்கு வந்தபின் அதற்கெனத் தனியே செலவில்லை. படிப்பில்லாதவரும் அதன் பயனை அடைவர். வம்பன் 8 இம்மஞ்சள் தேமலை எதிர்ப்பதோடு, இலைகள் சுருங்கி முறுக்கிக்கொள்ளும் இலைச்சுருக்க நோயையும் எதிர்க்கின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. எதிர்ப்பு என்பது இரும்புக் கவசம் அன்று. இந்நோய்க்குக் காரணமான நச்சுநுண்மங்கள் ஒன்றல்ல. வடநாட்டில் மிகுந்து காணப்படுவது வேறு, தென்னாட்டில் மிகுந்து காணப்படுவது வேறு என்பர். அவை மாறும் இயல்பினவும் ஆகும். முன்னர் வன்மையுடையன என்று பெயர்பெற்ற வகைகள் சில, பின்னர் இந்நோய்க்கு இடங்கொடுத்ததும் உண்டு. ஆகவே வம்பன் 8 விதைத்தவரும், முதல் மூன்று வாரம் வயலைச் சுற்றிவந்து, மஞ்சள் கண்ட செடியை அன்றன்றே பிடுங்கிப் புதைத்துவிடல் வேண்டும். வயலில் ஆங்காங்கே மஞ்சள் நிற ஒட்டுப்பொறி தொங்கவிடுதல் ஈயின் வரவை அறிதற்கு உதவும். புதிய வகையை வாங்கிவிட்டோம் என்று வீட்டில் இருந்துவிடுவோர்க்குப் பழைய வகையே போதும்.

இரண்டாம் இடையூறு, காய்கள் ஒருங்கே முற்றாமை. பழைய உளுந்துகளிற் பல, கீழே காய் முற்றிக் கறுத்திருக்க மேலே பூத்துக்கொண்டிருக்கும். முற்றிய காய் வெயிலில் வெடித்து மணியை மண்ணில் சிந்தும். இளங்காய்க்காகக் காத்திருந்தால் முதிர்ந்தது போய்விடும். முன்னாளில் இஃது ஒரு குறையாகத் தோன்றவில்லை. வீட்டுப் பெண்டிரும் பிள்ளைகளும் இரண்டு மூன்று முறை வயலில் இறங்கிக் காய் பறித்தனர். இன்று செங்கற்பட்டுப் பக்கத்தில் அதற்கு ஆள் எங்கே? மறைமலைநகர், ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் பேருந்து காலையில் ஊருக்குள் வந்து இளைஞரையும் மகளிரையும் ஏற்றிக்கொண்டு போகின்றது. அவர்கள் செல்வதைக் குற்றஞ்சொல்ல யாதொரு காரணமும் இல்லை. மாதந்தவறாத கூலியை விட்டு உளுந்து பறிக்க வருக என்று யார் சொல்வது? ஆதலின் ஒரே நாளில் வேருடன் பிடுங்கியோ அறுத்தோ களத்திற் போட்டு அடிக்கத்தக்க உளுந்தே இப்பொழுது வேண்டப்படுகின்றது. வம்பன் 8-இன் காய்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் முற்றுகின்றன, செடியின் மேற்பகுதியில் அமைகின்றன, எளிதில் வெடிப்பதில்லை. இம்மூன்றும் கூடினமையால் அறுவடை இயந்திரத்திற்கும் இஃது இடந்தருவது. காய் தரையை ஒட்டித் தொங்கும் செடியை இயந்திரத்தால் அறுத்தால், மணியோடு மண்ணும் கல்லும் சேர்ந்து வந்துவிடும்.

மணியின் இயல்புக்கு வருவோம். இதன் மணியில் நூற்றுக்கு 21.9 பங்கு புரதம் உளது. அராபினோசு என்னும் சர்க்கரைப்பொருள் 7.5 பங்கு என்பர். பின்னதை ஏன் அளந்தனர் என்று வியப்போர் உண்டாயின், அவர் உளுந்து அரைத்தறியாதார் ஆவர். ஊறிய உளுந்தை ஆட்டுரலில் இட்டு நீர் தெளித்து அரைக்குங்கால், அது வழவழத்து, நுரைத்து, ஒன்று பலவாகப் பொங்கும். அரிசியோ துவரையோ கடலையோ எத்துணை அரைத்தாலும் அங்ஙனம் பொங்காது. உளுந்தில் அராபினோசும் கேலக்டோசும் பிணைந்தமைந்த பசைப்பொருள் ஒன்றும், காற்றைக் குமிழியாக்கித் தாங்கும் ஒருவகைப் புரதமும் சேர்ந்திருப்பதே இதன் காரணம் என்று, மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகத்தார் ஆய்ந்து கூறினர். இரவில் மாவினைப் புளிக்கச்செய்யும் நுண்ணுயிர்கள், அவற்றுள் முதன்மையாக லூக்கனாஸ்டாக் என்பது, வெளிவிடும் வாயுவினை இப்பசை பற்றிக்கொள்கின்றது. அதனாலேயே ஆவியில் வேகும் இட்டலி பஞ்சுபோல் எழும்புகின்றது. பசை குறைந்த உளுந்தாயின், நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு போட்டும் மாவு தாழ்ந்து கிடக்கும். அதனைச் சரிசெய்ய இன்னுங் கொஞ்சம் உளுந்து சேர்ப்பர். குரோம்பேட்டை முதல் கூடுவாஞ்சேரி வரை தெருவுக்குத் தெரு மாவு அரைத்து விற்போர் இன்று உளர். அவர்களுக்கு இவ்வேறுபாடு நாடோறும் இலாப நட்டக் கணக்கில் தெரிவது. எனினும், சந்தையில் உளுந்து வாங்குவோர் மணியின் பருமையையும், கறுப்பின் மினுக்கத்தையும், தோல் நீக்கினால் வெண்மையையும் பார்க்கின்றனரேயன்றிப் பசையைப் பார்ப்பதில்லை. விளைவித்தவன் நல்ல குணமுள்ள மணியைக் கொடுத்தும் அதற்கென ஒரு காசும் மிகுதியாகப் பெறான். இஃது ஒரு குறையே.

பயிரிடும் முறையில் பெரும்பாலும் மற்றை உளுந்துக்கும் இதற்கும் வேறுபாடில்லை; ஆகையால் விதையளவினைப்பற்றி மட்டும் சிறிது விரித்துரைப்பேன். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டரும் இடைவெளி என்பது விதி. அங்ஙனமாயின் ஒரு சதுர மீட்டரில் 33 செடிகள் நிற்கும். ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும் என்கின்றனர். நூறு மணி ஐந்து கிராம் எனக் கொண்டால், எட்டுக் கிலோவில் 1,60,000 மணிகள். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டராதலின் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 40 மணி விழும். முளையாமலும், பறவைக்கும் பூச்சிக்கும் இரையாகியும் ஏழு போனால் 33 நிற்கும். பழைய முளைப்புக் குறைந்த விதையை இதே அளவில் இட்டால் வயல் வழுக்கைத் தலையாகும். இன்னொரு கணக்கும் காண்க. ஹெக்டேருக்கு 900 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 90 கிராம். செடி ஒன்றுக்கு மூன்று கிராமினும் குறைவு. அஃது ஐம்பத்தைந்து மணி. காய்க்கு ஆறு மணி என வைத்தால் ஒன்பது காய். தனித்து நிற்கும் ஒரு நல்ல செடி இருபது முப்பது காய் காய்ப்பதை நாம் காண்கின்றோம். ஆகவே, நிறைந்த விளைவு என்று ஆராய்ச்சி நூல்கள் சொல்வதும் செடிக்கு ஒன்பது பத்துக் காய் என்பதேயாம். பூத்த பூவிற் பெரும்பகுதி உதிர்ந்துவிடுதலே இதற்குக் காரணம். அவ்வுதிர்தலைக் குறைக்கவே, பூக்கும் பருவத்தில் ஒருமுறையும் பதினைந்து நாள் கழித்து மறுமுறையும், நூற்றுக்கு இரண்டு பங்கு டி.ஏ.பி. உரம் கரைத்த தெளிநீரை இலைமேல் தெளிக்கச் சொல்கின்றனர். ஏக்கருக்கு நான்கு கிலோ உரம், 200 லிட்டர் நீர். முதல்நாள் மாலையே சிறிது நீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்ததை மட்டும் இறுத்து, மீதி நீரைச் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளித்தல் முறை. கலங்கலை அப்படியே ஊற்றித் தெளிப்பான் அடைத்துக்கொண்டபின் உரத்தை நொந்துகொள்வோரும் உளர்.

வம்பன் 8 எல்லா இடத்திற்கும் ஏற்றது என்று கூறினேன் அல்லேன். காவிரிப் படுகையில் சம்பா, தாளடி நெல் அறுப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, நிற்கும் பயிரின் ஊடே, மண் மெழுகுபதமாக இருக்கும்பொழுது உளுந்தைத் தூவிவிடுவர். உழவில்லை, களையெடுப்பில்லை, பாசனமுமில்லை. மண்ணில் எஞ்சிய ஈரமும் பனியுமே துணை. அங்கு முளை நெல்லின் நிழலிலே தோன்றி, அறுவடையின் மிதியையும் பொறுத்து நிமிரவேண்டும். அந்நிலைக்கெனத் தெரிந்தெடுக்கப்பெற்றவை ஆடுதுறை 3-உம், பின்னர் வந்த ஆடுதுறை 6-உம் ஆகும். ஆட்கள் அரிவாளால் அறுத்த காலத்தில் முளைகள் பெரிதும் தப்பின. இன்று அறுவடை இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரம் சென்ற தடத்தில் அவை நசுங்குகின்றன. செங்கற்பட்டுப் பக்கத்தில் நெல்லறுத்தபின் ஒரு சால் உழுது, பாத்தி கட்டி, கிணற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ இரண்டு மூன்று தண்ணீர் பாய்ச்சத்தக்க நிலமே வம்பன் 8-க்கு உரியது. ஆடிப்பட்டத்திலும் புரட்டாசியிலும் மேட்டு நிலத்தில் மானாவாரியாகவும் விதைக்கலாம். நெல் நடுகின்ற காலத்தில் வரப்பில் ஊன்றினால், வீட்டுச் செலவுக்கு ஆகும்.

நிற்க. மூட்டையின்மேல் 'வம்பன் 8' என எழுதியிருப்பதெல்லாம் வம்பன் 8 ஆகாது. சில ஆண்டுகளுக்கு முன் இப்பக்கத்து உழவர் ஒருவர் கடையொன்றில் அப்பெயரால் வாங்கிய விதை, நாற்பதாம் நாளில் பாதிச் செடி மஞ்சளாகி நின்றதை நேரிற் கண்டேன். அவற்றுள் கொடிபோல் நீண்டவும் குட்டையாய் நின்றவும் கலந்திருந்தமை, பல வகையும் ஒன்றாய்க் கூட்டப்பட்டதைக் காட்டிற்று. பட்டியல்சீட்டு இல்லாமையால் அவர் எவரிடமும் முறையிட வழியில்லாது போயிற்று. சான்று பெற்ற விதைக்கு நீலநிற அட்டையும், அதற்கு முன்நிலையாகிய ஆதார விதைக்கு வெண்ணிற அட்டையும், அதனினும் முன்னதாகிய வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள் நிற அட்டையும் மூட்டை வாயில் தைக்கப்பெற்றிருக்கும். அட்டையில் முளைப்புத் திறனும், சோதித்த நாளும், காலக்கெடுவும் காணலாம். அட்டையையும் சீட்டையும் அறுவடை முடியும்வரை வைத்திருத்தல் வேண்டும். காட்டாங்கொளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் ஒன்று உள்ளது. ஐயமுடையோர் அங்கே சென்று கேட்டறியலாம்.

ஒருமுறை நல்ல விதை வாங்கியவர் ஆண்டுதோறும் வாங்கவேண்டுவதில்லை. உளுந்து தன்மகரந்தம் ஏற்பதாகலின், நெடுநாள் குணம் மாறாது நிற்கும். இது கம்பு, சோளம் முதலியவற்றின் வீரியக் கலப்பு விதைக்கு இல்லாத நன்மை. வயலில் நோயற்ற, ஒரே தோற்றமுடைய செடிகளை அடையாளமிட்டுத் தனியே அடித்து, நன்றாய்க் காயவைத்து எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் வயலிலே தப்பியதை வீட்டிலே அழிப்பது பயறு வண்டு. அது காயின்மேல் வயலிலேயே முட்டையிட்டு, மணியோடு குதிருக்குள் வந்து, இரண்டு மூன்று திங்களில் மணிதோறும் வட்டமான துளையிட்டு வெளிவரும். பல்லிற் கடித்தால் 'கடுக்'கென்று ஒடியுமளவு உலர்த்தல், சாம்பல் கலந்து பானையில் இட்டு வாய்கட்டல் முதலிய நம் பாட்டியார் முறைகள் இன்றும் பயனற்றுப் போகவில்லை. உண்பதற்கு வைப்பதை உடைத்துப் பருப்பாக்கி வைத்தல் இன்னும் நன்று. உடைத்த பருப்பில் இவ்வண்டு அவ்வளவாகப் பெருகுவதில்லை.

இறுதியாக விலை. 2024-25-ஆம் ஆண்டில் உளுந்துக்கு இந்திய அரசினர் அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,400 ரூபாய். ஏக்கருக்கு மூன்றரைக் குவிண்டால் கிடைத்தால் வரவு 26,000 ரூபாய்க்குச் சிறிது குறையும். மஞ்சள் தேமல் கண்டு ஒரு குவிண்டால் கிடைத்தால், உழவுக்கும் விதைக்கும் கூலிக்கும் போக, கையில் நிற்பது யாது என்பதனை எவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். நம் நாட்டுத் தேவைக்கு நம் விளைவு போதாமையால், பர்மா என நாம் முன்னர் வழங்கிய மியன்மாரிலிருந்து ஆண்டுதோறும் உளுந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்குகின்றது. தாம்பரத்துக் கடைகளில் நாம் வாங்கும் உளுந்து மதுராந்தகத்ததோ மியன்மாரினதோ என்று அறிய நமக்கு வழியில்லை. அக்கப்பல் மிகுதியாக வரும் ஆண்டில் இங்கே விலை தாழும். உழவன் அடுத்த ஆண்டு உளுந்தை விட்டு வேறொன்றை நாடுவான், அல்லது நிலத்தைத் தரகரிடம் காட்டுவான்.

இவ்வாண்டு விதைக்க எண்ணுவோர், சம்பா அறுவடையானதும் காலந்தாழ்த்தாது, தைத் திங்கள் முடிவதற்குள் விதைத்துவிடுதல் நன்று. மாசி நடுவில் விதைத்தால், பூக்கும் காலம் பங்குனி வெயிலில் வந்து சேரும். வெள்ளை ஈயும் அப்பொழுதுதான் பெருகும்.